மீதிக்கு உரியவர் யார்?

தவக்காலம் தொடங்கும் நாள்களில் குன்னம், வேப்பூர்ப் பக்கத்துக் கரிசல் கொல்லைகளைக் கடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். பஞ்சு எடுத்து முடிந்திருக்கும். இலையுதிர்ந்து, வெடித்த காய்களின் வெற்று ஓடுகளோடு, பழுப்பேறிய பருத்திச் செடிகள் வரிசை வரிசையாய் நிற்கும். அவற்றை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்தபடி பெண்கள் சாலையோரமாக வீடு திரும்புவர். அந்தக் குச்சிக்குப் பருத்திமார் என்று பெயர். பல வீடுகளில் மழைக்காலம் வரை அடுப்பெரிப்பது அதுதான்.

ஒருமுறை அவ்வழியே சென்றபோது, சுமையை இறக்கிவைத்து வேப்பமர நிழலில் இளைப்பாறிக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "இந்த மாரு யாருக்குச் சொந்தம், ஆயா?" என்று கேட்டோம். அவர் நம்மைச் சற்றே வியப்போடு பார்த்தார். "பஞ்சு கொல்லைக்காரருக்கு, மாரு எனக்கு. எங்க ஆத்தா காலத்துலேருந்து அப்படித்தான் தம்பி. இதுக்கெல்லாம் யாரு கணக்குப் பாப்பா?" என்றார்.

அவர் கேட்டது விடை தேடிக் கேட்ட கேள்வியன்று. ஆயினும் அது நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. ஏனெனில், இதற்கும் கணக்குப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

கூடி நிற்கும் பொருள்கள்

மும்பையில் 1924-இல் தோன்றிய நடுவண் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், பருத்திமாரிலிருந்து பலகை செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. மாரைச் சிறு துகள்களாக வெட்டி, உலர்த்தி, பிசினோடு கலந்து, பாய்போல் பரப்பி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கினால் கதவுக்கும் மேசைக்கும் அலமாரிக்கும் ஏற்ற பலகை கிடைக்கிறது. மரத்தில் உள்ள நார்ப்பொருள்களே பருத்திமாரிலும் உள்ளமையால் இது இயல்கிறது. ஓர் எக்டேர் பருத்திக் கொல்லையில் ஏறத்தாழ 2 முதல் 3 டன் வரை மார் தேறும். பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாய் விளையும் பெரம்பலூர் மாவட்டத்திற்கு இது சிறு செய்தியன்று.

இத்தகைய பொருளை அறிவியலார் கூட்டுப்பொருள் என்பர். இரண்டு பொருள்கள் தத்தம் இயல்பை இழக்காமல் ஒன்றோடொன்று பிணைந்து, தனித்தனியே தாங்கவியலாத சுமையைச் சேர்ந்து தாங்குவதே அதன் இலக்கணம். நார் இழுவிசையைத் தாங்கும். ஆனால் தானாக நிமிர்ந்து நிற்காது. பிசின் வடிவம் தரும். ஆனால் தனியே இருந்தால் எளிதில் வெடித்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று மூடுகிறது.

பெயர் புதிதே ஒழியப் பொருள் புதிதன்று. மண்ணோடு வைக்கோலைக் கலந்து மிதித்துச் சுவர் எழுப்பிய நம் முன்னோர் இக்கலையை அறிந்திருந்தனர். தானியம் காத்த குதிர் அவ்வாறு உருவானதே. பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்தரைத்து, மூங்கில் முறத்தில் பூசி வெயிலில் காயவைத்த நம் பாட்டிமாரும் கூட்டுப்பொருள் செய்தவர்களே. இன்னும் சொல்லப்போனால், படைத்தவரின் கைவேலையே இவ்வகையானது. மரம் என்பது நாரும் அதைப் பிணைக்கும் பசைப்பொருளும் சேர்ந்த ஒன்று. நம் எலும்பும் மெல்லிய புரத இழையும் கடிய தாதுவும் கூடியதே. உறுப்புகள் பல, உடல் ஒன்று என்று கொரிந்து நகர்த் திருச்சபைக்கு எழுதிய திருத்தூதர் பவுல், வலுக்குறைந்தவையாய்த் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை என்றும் கூறினார். கூடி நிற்றலின் அறத்தை இதனினும் தெளிவாகச் சொல்லுதல் அரிது.

இரு மாவட்டங்கள், இரு மீதிகள்

பலகைக்கு நாரை மட்டுமன்று, பிசினுக்கு வேண்டிய மூலப்பொருளையும் நம் நிலம் தருகிறது. அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம், செயங்கொண்டம் பகுதிகளின் செம்மண் மேடுகளில் முந்திரிக் கொல்லைகள் பரந்து கிடக்கின்றன. பிரேசில் நாட்டு மரமான முந்திரியைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். பருப்பை எடுத்தபின் எஞ்சும் தோட்டின் உள்ளே, தேனடை போன்ற கண்ணறைகளில், கரும்பழுப்பான ஒரு நெய் தேங்கியிருக்கிறது. தோட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்நெய்யே. அதைச் சூடாக்கிப் பிரித்தால் கார்டனால் என்னும் பொருள் கிடைக்கிறது. கல்லெண்ணெயிலிருந்து வரும் பீனாலின் இடத்தை ஓரளவு நிரப்பிப் பிசின் செய்ய இது உதவுகிறது. வண்டிகளின் தடைக்கட்டைகளில் இந்நெய்யிலிருந்து செய்த பொருள் நெடுங்காலமாகவே பயன்பட்டு வருகிறது.

ஆக, பெரம்பலூரின் மீதி நாராகவும் அரியலூரின் மீதி பிசினாகவும் ஆகலாம். இவ்விரு மாவட்டங்களின் வரலாறும் இதற்குப் பொருத்தமாகவே அமைந்துள்ளது. 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூரில் அரியலூர் அடங்கியிருந்தது. 2001-இல் தனி மாவட்டமானது. 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் எத்தனை முறை மாறினும், அம்மக்களின் வறுமையும் உழைப்பும் ஒன்றாகவே பிணைந்திருந்தன.

மரங்களை வெட்டாமல் பலகை, கல்லெண்ணெயைக் குறைத்துப் பிசின், எறியப்பட்டதிலிருந்து செல்வம். இதில் என்ன குறை காணவியலும் என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இயற்கையானதெல்லாம் நல்லதா?

இயற்கையானது, புதுப்பிக்கத்தக்கது, நல்லது என்னும் மூன்று சொற்களை நாம் ஒரே பொருளில் வழங்கிவருகிறோம். அவை மூன்றும் வேறு வேறு.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் முற்றிலும் இயற்கையானது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் கடலாய் இருந்தபோது வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து உருவானது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. அதன் அகவை சுமார் 12 கோடி ஆண்டுகள். அந்தக் கல்மரத்தின் அருகே நின்றால், காலம் எவ்வளவு மெதுவாக நடந்துவந்துள்ளது என்பது விளங்கும். ஆனால் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டு ஆலையின் சூளையில் இடும்போது, தூய கல்லானால் ஒவ்வொரு 100 கிலோவிலிருந்தும் 44 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. வெட்டியெடுத்த பள்ளமும் எஞ்சுகிறது. இயற்கையானதுதான், ஆயினும் நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் மீண்டும் விளையாது. அந்த ஆலைகளால் நம் வீடுகள் எழுந்தன, பல குடும்பங்கள் உண்டன என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், எடுத்ததைத் திருப்பித் தரவியலாத கணக்கு அது.

பருத்தியும் முந்திரியும் ஆண்டுதோறும் விளைபவை. புதுப்பிக்கத்தக்கவை என்னும் பெயர் அவற்றுக்குத் தகும். ஆனால் அதனாலேயே அவை நல்லவை ஆகிவிடுமா? முந்திரித் தோட்டின் நெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு வேலை செய்வர். அப்படியும் விரல்கள் கருத்துத் தோலுரிந்துபோகும். திருவிழா நாளில் நற்கருணை வாங்க அவர்கள் கை நீட்டும்போது அந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறோம். கழுவினால் போகாத கறுப்பு அது. அந்நெய்யும் இயற்கையானதே.

செருமனியிலிருந்து ஒரு சான்று. கிழக்குச் செருமனியின் சுவிக்காவு நகரில் 1957 முதல் 1991 வரை டிராபண்ட் என்னும் சிற்றுந்து செய்யப்பட்டது. எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், பஞ்சாலைக் கழிவையும் பீனால் பிசினையும் சேர்த்து இறுக்கிய தகட்டினால் அதன் மேலுடலைச் செய்தனர். ஏறத்தாழ 30 இலட்சம் வண்டிகள் ஓடின. வறுமையில் பிறந்த அறிவுக்கூர்மை அது. ஆனால் அவ்வண்டிகளின் காலம் முடிந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அந்தத் தகடு துருப்பிடிக்கவில்லை, மக்கவில்லை, உருக்கவும் முடியவில்லை. பஞ்சு தனியே இருந்திருந்தால் மண்ணுக்குத் திரும்பியிருக்கும். பிசினோடு இறுகியபின் திரும்பும் வழியை மறந்துவிட்டது. முந்திரி நெய்யிலிருந்து செய்த பிசினும் ஒருமுறை இறுகியபின் உருகாத வகையைச் சேர்ந்ததே. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே செடியைப் போல் மக்கிவிடும் என்று கொள்ளலாகாது. பலகைகளுக்கு வழக்கமாய்ப் பயன்படும் பிசின்களில் சேரும் பார்மால்டிகைடைப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு செய்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

எனவே நன்மை என்பது பொருளின் பிறப்பிடத்தில் மட்டும் இல்லை. அது யார் கையைச் சுட்டு வருகிறது, யாருடைய பங்கை எடுத்து வருகிறது, பயன் முடிந்தபின் எங்கே போகிறது என்னும் கேள்விகளில் இருக்கிறது.

சேர்த்தெடுப்பதா, விட்டுவைப்பதா?

விவிலியத்திலேயே ஒரு கூட்டுப்பொருளின் வரலாறு உண்டு. எகிப்தில் அடிமைப்பட்ட இசுரயேல் மக்கள் களிமண்ணோடு வைக்கோல் கலந்து செங்கல் செய்தனர். வைக்கோலை இனித் தரவேண்டாம், அவர்களே தேடிக்கொள்ளட்டும், ஆனால் செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது என்று பார்வோன் கட்டளையிட்டான். மக்கள் நாடெங்கும் சிதறித் தாளடி பொறுக்கினர். செங்கல் அதே செங்கல்தான்; மண்ணும் வைக்கோலும் மாறவில்லை. அநீதி பொருளில் இல்லை. வைக்கோலைப் பொறுக்கியவர்களின் முதுகில் இருந்தது.

மீதியைப் பற்றி நம் மறைநூல் இரண்டு கட்டளைகளைத் தருகிறது. முதற்பார்வைக்கு அவை ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபின், ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்த்தெடுக்குமாறு இயேசு பெருமான் சீடரைப் பணித்தார்; பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஆனால் லேவியர் நூலோ, வயலின் ஓரத்தை முற்றும் அறுக்கவேண்டாம், சிந்திய கதிரைப் பொறுக்கவேண்டாம், அவற்றை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்று உழவருக்கு ஆணையிடுகிறது. அந்த உரிமையில்தான் ரூத் என்னும் கைம்பெண் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். ஒரு கட்டளை மீதியைச் சேர் என்கிறது. மற்றொன்று மீதியை விடு என்கிறது. நாம் எதைக் கேட்பது?

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் முரண் நீங்குகிறது. ஆண்டவர் துண்டுகளைச் சேர்க்கச் சொன்னது எப்போது? அனைவரும் வயிறார உண்ட பின்னர். லேவியர் நூல் விடச் சொன்னது எப்போது? ஏழை இன்னும் உண்ணாதிருக்கும்போது. இரண்டிலும் அறம் ஒன்றே: முதலில் பசித்தவரின் பங்கு, பிறகு சேமிப்பு. பசி தீர்ந்தபின் சேர்ப்பது சிக்கனம்; தீருமுன் சேர்ப்பது பறிப்பு. இவ்வரிசை மாறினால், எதையும் வீணாக்காதே என்னும் நல்ல சொல்லே ஏழையின் கையிலிருந்து கடைசிக் கட்டையும் பிடுங்கும் சொல்லாகிவிடும்.

பருத்திமாருக்கு இன்று விலையில்லை. அதனால்தான் அது அந்த மூதாட்டிக்கு உரியதாய் இருக்கிறது. நாளை ஒரு வணிகர் வந்து டன்னுக்கு இவ்வளவு என்று விலை சொன்னால், கொல்லைக்காரர் மறுப்பாரா? மறுக்க வேண்டும் என்று சொல்லவும் நமக்கு வாய் வராது. மானாவாரிக் கொல்லையை நம்பி, மழையோடும் கடனோடும் போராடுபவர் அவர். அவருக்கும் நாலு காசு வேண்டும். பெரும் செல்வருக்கும் ஏழைக்கும் இடையே நேரும் வழக்காயின் தீர்ப்பு எளிது. இதுவோ ஏழைக்கும் அவரினும் ஏழைக்கும் இடையே நேரும் வழக்கு. ஆகவேதான் இது நம் மனச்சான்றைத் தொடுகிறது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

மூதாட்டியின் உரிமை என்று நீங்கள் போற்றுவது எது, புகை நிறைந்த அடுப்பா, தலைச்சுமையா, அவற்றை என்றென்றைக்கும் அவருக்கே எழுதிவைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் உண்மை உண்டு. விறகுப் புகை பெண்களின் நுரையீரலையும் கண்ணையும் கெடுக்கிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தால் ஏழைக் குடும்பங்களுக்கும் எரிவாயு இணைப்பு கிடைத்தது. மேலும், பருத்திமாரைக் கொல்லையிலேயே நிற்கவிட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் தங்கி அடுத்த பயிரைத் தாக்கும். ஆதலின் அதை அகற்றுமாறு வேளாண் துறையினரே அறிவுறுத்துகின்றனர். மார் கொல்லையை விட்டுப் போகத்தான் வேண்டும்.

ஆயினும் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். அந்த மூதாட்டிக்கு உரியது புகையன்று, ஒரு பங்கு. எழுதப்படாத, யாரும் மறுக்காத, தாய்வழியாக அவர் பெற்ற பங்கு. இணைப்பு இருந்தும் உருளையை மீண்டும் நிரப்பக் கையில் பணமில்லாத மாதத்தில் அடுப்பு எரிவது அந்தப் பங்கினால்தான். அதை எடுத்துக்கொண்டு வேறொரு நன்மையை அவர் கையில் வைத்தால் அது முன்னேற்றம். எடுத்துக்கொண்டு, உமக்கு இது நல்லதற்கே என்று சொல்லிவிட்டுப் போனால், அது பார்வோனின் வழி. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, அவரிடம் கேட்டார்களா என்பதே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்து, இயற்கை தன் கழிவையே உணவாக்கிக்கொள்ளும் முறையை நம் தொழில்கள் இன்னும் கற்கவில்லை என வருந்தினார். அதே மடலில், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்றார். பூமிக்குச் செய்யும் நன்மையை ஏழையின் செலவில் செய்தல் ஆகாது; ஏழைக்குச் செய்யும் நன்மையைப் பூமியின் செலவில் செய்வதும் நில்லாது. மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று 1981-இல் புனித இரண்டாம் யோவான் பவுல் எழுதியதும் இங்கு நினைக்கத்தக்கது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய ஆலைகளைத் தொடங்குவதோ தடுப்பதோ நம் கையில் இல்லை. எனினும் வாங்குபவராக, விற்பவராக, ஊர்க்கூட்டத்தில் அமர்பவராக, பங்குப் பேரவையில் கருத்துரைப்பவராக நாம் இருக்கிறோம். இயற்கைப் பொருள் என்று ஒன்றை நம்முன் வைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

இந்த மீதி இதற்குமுன் யாருடைய பங்காயிருந்தது, அவருக்கு என்ன கிடைத்தது? கொல்லைக்காரர் மாரை விற்றால், அதைப் பிடுங்கிக் கட்டும் வேலையும் அதற்கு நேரிய கூலியும் இதுவரை சுமந்தவர்களுக்கே முதலில் கிட்டவேண்டும். அறுவடையில் வயலின் ஓரத்தை விட்டதுபோல், கொல்லையின் ஓர் ஓரத்து மாரையேனும் விடலாம். போவாசு தன் ஆள்களிடம், ரூத்துக்காக வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடச் சொன்னான். சட்டம் கேட்டதற்கும் ஒருபடி மேலே சென்றவன் அவன்.

இது யார் கையைச் சுட்டு வந்தது? முந்திரி உடைக்கும் பெண்ணுக்குக் கையுறையும் நல்ல கருவியும் தருவதற்கு ஆகும் செலவு, பருப்பின் விலையிலும் பிசினின் விலையிலும் சேரட்டும். அதனால் விலை சற்றுக் கூடுமாயின், அதுவரை நாம் குறைவாகக் கொடுத்து வாங்கினோம் என்பதே பொருள்.

பயன் முடிந்தபின் இது எங்கே போகும்? மண்ணுக்குத் திரும்பும் என்றால் நன்று. திரும்பாதென்றால், நெடுங்காலம் உழைக்கும் பொருளாய் அதைச் செய்யவும் பேணவும் வேண்டும். இரண்டாண்டில் எறியப்படும் அலமாரிக்காக ஓர் ஏழையின் விறகை எடுத்தல் தகாது.

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்கு நம் குடந்தை மறைமாவட்ட மக்கள் நடந்தே செல்வதுண்டு. இத்தாலியில் பிறந்த அவர் தமிழோடு கலந்தார். இரண்டும் தத்தம் இயல்பை இழக்கவில்லை, இரண்டும் வலுப்பெற்றன. உண்மையான கூட்டு அத்தகையது. ஒன்று மற்றொன்றை விழுங்கினால் அது கூட்டாகாது. நாரும் பிசினும் சேருமிடம் சரியாக அமையாவிட்டால் பலகை அங்கேதான் பிளக்கும் என்று அத்துறை அறிந்தோர் கூறுவர். தொழிலும் ஏழையும் சேருமிடமும் அவ்வாறே.

திருநீற்றுப் புதனன்று நாம் நெற்றியில் ஏற்கும் சாம்பல், சென்ற ஆண்டின் குருத்தோலை எரிந்து எஞ்சியது. திருச்சபை மீதியைக் கொண்டே தவக்காலத்தைத் தொடங்குகிறது. அதே நாள்களில் வேப்பூர்ப் பக்கம் ஓர் அடுப்பில் பருத்திமாரின் சாம்பல் விழுகிறது. ஆண்டிமடத்துப் பக்கம் ஒரு பெண் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு கொட்டை உடைக்க அமர்கிறாள். இம்மூன்று சாம்பலையும் நாம் சேர்த்தே நினைக்கவேண்டும்.

இதுக்கெல்லாம் யாரு கணக்குப் பாப்பா என்று கேட்டார் அந்த மூதாட்டி. வணிகர் பார்ப்பார், ஆயா, ஆலைக்காரரும் பார்ப்பார். அவர்கள் கணக்கில் உம்முடைய பங்கும் ஒரு வரியாய் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை. அதைப் பாராமல் விட்டால், கணக்கைக் கேட்பவர் வேறொருவர் இருக்கிறார்.